கடைசிக் குழாய்க்கும் தண்ணீர்

(தலைமையாசிரியர்)



சில திங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, மலையில் இருக்கும் தண்ணீர், இயந்திரம் இல்லாமல் வீட்டுக்கு வந்து சேருமா?" என்றான். "வரும்" என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பிவிட்டேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவ்விடை நிறைவானதன்று என்று தோன்றியது. தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருவது உண்மையே. ஆனால் எல்லா வீட்டுக்கும் வருமா? கோடைக் காலத்திலும் வருமா? கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தாலும் வருமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குக் கணக்கு வேண்டும். அக்கணக்கு உங்கள் பாடநூலில் உள்ள பெருக்கலும் வகுத்தலுமேயன்றி வேறன்று. அதனையே இவ்வாண்டு மலரில் பாடமாக எழுத முற்பட்டேன்.

ஒரு தோட்டத்து நினைவு

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தது. அத்தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. நான்கு லயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. மேட்டின்மீது ஒரு நீர்த்தொட்டி. அதிலிருந்து ஒரே குழாய் இறங்கி, முதல் லயம், இரண்டாம் லயம் என்று வரிசையாகக் கடந்து நான்காம் லயத்தில் முடிந்தது. எங்கள் வீடு நான்காம் லயத்தில் இருந்தது.

அதிகாலை ஐந்து மணிக்கு என் அன்னையார் பால் வெட்டப் புறப்படுவார். அதற்கு முன்னரே நான் இரண்டு தகர வாளிகளுடன் குழாயடியில் நிற்பேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். முதல் இரண்டு லயத்தாரும் நீர் பிடித்து முடித்த பின்னரே, நூல்போல ஒழுகத் தொடங்கும். பள்ளி மணி அடித்த பின்னரும் நான் குழாயடியில் நின்ற நாள்கள் பல. ஈர உடையுடன் வகுப்பறை வாயிலில் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை.

"மேல் லயத்தார் வேண்டுமென்றே குழாயைத் திறந்து விடுகின்றனர்" என்று எங்கள் லயத்தார் குற்றம் சாட்டினர். "உங்களுக்கு வராவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்று அவர்கள் சினந்தனர். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்து வாங்கிய குடும்பங்கள் முகம் பாராமல் போயின. இது மூன்றாண்டுகள் நீடித்தது.

ஒருநாள் குழாய் வெடித்துப் பழுது பார்க்க வந்த முதியவர் ஒருவர், மண்ணைத் தோண்டிக் குழாயை அறுத்து எடுத்தார். இரண்டாம் லயத்துக்கு அப்பால், முன்பு எப்போதோ பழுது பார்த்தவர்கள், பழைய குழாய்க்கு மாற்றாக அதைவிட மெலிந்த குழாயை இணைத்துவிட்டிருந்தனர். அவர் இரண்டு துண்டுகளையும் என் கையில் கொடுத்து, "தம்பி, தண்ணிக்குப் பஞ்சமில்ல. குழாய்க்குத்தான் வயிறு சின்னது" என்றார்.

பெரிய குழாய் பொருத்தப்பட்ட மறுநாள் காலையில் எங்கள் குழாயில் நீர் கொட்டியது. அவ்வாரமே என் அன்னையார் ஒரு தட்டில் பணியாரம் எடுத்துக்கொண்டு முதல் லயத்து அத்தை வீட்டுக்குச் சென்றார். குற்றம் மனிதரிடம் இல்லை. குழாயின் விட்டத்தில் இருந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பயின்றபோதுதான், அந்த முதியவர் சொன்ன ஒரு வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கிற்று.

புவியீர்ப்பே இயந்திரம்

நீர் தன் எடையாலேயே தாழ்ந்த இடத்தை நோக்கிச் செல்கின்றது. அதனை இழுப்பது புவியீர்ப்பு விசை. மின்சாரமோ எண்ணெயோ இன்றி நாள் முழுவதும் உழைக்கும் இயந்திரம் இதுவே.

இம்முறை புதியதன்று. பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள நீம் நகருக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் கட்டி ஊற்று நீரைக் கொண்டுவந்தனர். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு 12 அல்லது 13 மீட்டர் மட்டுமே. நம் நாட்டிலும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கு மலையருவி நீர் செங்கல் கால்வாய் வழியாக ஜார்ஜ்டவுன் நகருக்கு வந்தது. பின்னர் நம் சுகாதார அமைச்சு 1970-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் விரிவுபடுத்திய கிராமப்புற நீர் மற்றும் துப்புரவுத் திட்டத்தில், மலைநீரைக் குழாய்வழி இறக்கும் முறையும் ஒன்றாக இடம்பெற்றது. சபா, சரவாக் உட்புறக் கம்பங்களிலும் தீபகற்பத்தின் பூர்வகுடி மக்கள் சிற்றூர்களிலும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

இனி, ஒரு சிற்றூரை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். மலையடிவாரத்தில் 60 வீடுகள், 300 மக்கள். மலைமேல் ஓர் ஓடை. இவ்வூருக்கு நாமே நீர்த்திட்டம் வகுத்துப் பார்ப்போம்.

முதற்படி: ஓடையை அளத்தல்

மழைக்காலத்தில் எந்த ஓடையும் பெருகித்தான் ஓடும். அதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. மழை மிகக் குறைந்த மாதத்தில் சென்று அளக்க வேண்டும். ஓடையின் குறுக்கே மண்ணாலும் கல்லாலும் சிறு தடுப்பு அமைத்து, நீர் முழுவதையும் ஒரு குழாய்த் துண்டின் வழியே விழச் செய்க. அதன்கீழ் 20 லிட்டர் வாளியை வைத்து, நிறைவதற்கு எத்தனை விநாடி ஆகின்றது என்று பார்க்க. ஐந்து முறை அளந்து சராசரி காண்க.

நம் ஓடையில் வாளி நிறைய 10 விநாடி ஆகின்றது என்போம். 20-ஐ 10-ஆல் வகுத்தால், விநாடிக்கு 2 லிட்டர். இதுவே வறண்ட காலத்து வரவு.

இரண்டாம் படி: தேவையைக் கணக்கிடல்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்று கொள்வோம். ஊர் இன்றுள்ளபடியே இராது. பிள்ளைகள் வளர்வர், புதுக்குடும்பங்கள் தோன்றும். ஆதலால் 300 மக்களுக்குப் பதிலாக 450 மக்களுக்குத் திட்டமிடுவோம்.

450 x 60 = 27,000 லிட்டர், ஒரு நாளைக்கு.
27,000-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 1,125 லிட்டர்.
அதனை 3,600-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 0.31 லிட்டர்.

ஓடை தருவது 2 லிட்டர். நாம் எடுப்பது 0.31 லிட்டர். எஞ்சியது ஓடைக்கே உரியது. கீழ்ப்புறத்தில் வாழும் மக்களுக்கும் மீனுக்கும் விலங்குக்கும் அது வேண்டும். வரவு தேவையைவிடக் குறைவாக இருப்பின், வேறு ஊற்றைத் தேட வேண்டுமேயன்றி ஓடையை முற்றிலும் வறளச் செய்தல் தகாது.

மூன்றாம் படி: உயரத்தை அளத்தல்

ஓடைக்கும் ஊருக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும் பிழையில் முடியும். இதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. வீடு கட்டும் கொத்தனார் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாயே போதும். அதில் நீர் நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரு முனைகளையும் இரு அளவுகோல்களில் கட்டி நிறுத்தினால், இரு புறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்நீர்மட்டம் வரையுள்ள உயரங்களின் வேறுபாடே, அவ்விரு இடங்களின் உயர வேறுபாடு. இவ்வாறு சிறிது சிறிதாக மலையிலிருந்து இறங்கி, ஒவ்வோர் அளவையும் குறிப்பேட்டில் எழுதிக் கூட்ட வேண்டும். நம் பள்ளித் திடலிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்.

நம் ஊரில் ஓடையிலிருந்து தொட்டிவரை குழாயின் நீளம் 1,200 மீட்டர், இறக்கம் 40 மீட்டர் என்றும், தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை நீளம் 600 மீட்டர், இறக்கம் 30 மீட்டர் என்றும் கொள்வோம்.

நான்காம் படி: குழாயைத் தேர்ந்தெடுத்தல்

அந்த முதியவர் சொன்ன உண்மை இங்குதான் வருகின்றது. குழாய்க்குள் நீர் ஓடும்போது குழாயின் உட்சுவரோடு உராய்கின்றது. அவ்வுராய்வு, மலையின் இறக்கம் தந்த விசையைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே வரும். இதனை 'உராய்வு இழப்பு' என்று கூறி, மீட்டரிலேயே அளப்பர். இழப்பு, இறக்கத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் நாம் விரும்பும் அளவு நீர் வந்து சேரும்.

விநாடிக்கு 0.31 லிட்டர் நீர் ஓடும்போது, வழுவழுப்பான நெகிழிக் குழாயில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

உள்விட்டம் 20 மி.மீ. எனில், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 6.9 மீட்டர் இழப்பு. 1,200 மீட்டருக்கு 82 மீட்டருக்கும் மேல். நம்மிடம் உள்ள இறக்கமோ 40 மீட்டர்தான். போதாது.

உள்விட்டம் 25 மி.மீ. எனில், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2.3 மீட்டர் இழப்பு. 1,200 மீட்டருக்கு 28 மீட்டர். 40-இல் 28 போக 12 மீட்டர் மீதம். இதுவே தக்க குழாய். மீதமுள்ள 12 மீட்டர், வளைவுகளுக்கும் இணைப்புகளுக்கும் நாளடைவில் குழாய்க்குள் படியும் கசடுக்கும் ஈடாகும்.

வெறும் 5 மி.மீ. வேறுபாடு எத்துணைப் பெரிய மாற்றத்தை உண்டாக்குகின்றது, பார்த்தீர்களா? ஒரே அளவு நீரைச் செலுத்தும்போது, குழாயின் உள்விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், இழப்பு இரண்டு மடங்காகக் கூடுவதில்லை. ஏறத்தாழ முப்பது மடங்காகக் கூடுகின்றது. எங்கள் நான்காம் லயத்துக்கு நேர்ந்தது இதுவே.

ஐந்தாம் படி: தொட்டி

ஓடையிலிருந்து மணிக்கு 1,125 லிட்டர்தான் வருகின்றது. ஆனால் மக்கள் நாள் முழுவதும் ஒரே சீராக நீர் எடுப்பதில்லை. விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை சமையல், குளியல், துணி துவைத்தல் என்று எல்லா வீட்டுக் குழாய்களும் திறந்திருக்கும். அம்மூன்று மணி நேரத்தில் விநாடிக்கு 1 லிட்டர் வீதம் 10,800 லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் ஓடையிலிருந்து வருவது 3,375 லிட்டர் மட்டுமே. பற்றாக்குறை 7,425 லிட்டர்.

இதனை யார் ஈடுசெய்வது? இரவு ஈடுசெய்யும். இரவு பத்து மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை, ஊர் உறங்கும் ஏழு மணி நேரத்தில், 7,875 லிட்டர் தொட்டியில் சேர்ந்துவிடும். அரை நாள் தேவையாகிய 13,500 லிட்டர் கொள்ளும் தொட்டியைக் கட்டினால் ஊர் அச்சமின்றி இருக்கலாம்.

ஆறாம் படி: கடைசிக் குழாய்

இப்போது நாம் தொட்டியிலிருந்து வீடுகளை நோக்கி இறங்குவோம். எல்லோரும் குழாய் திறக்கும் காலை வேளையையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வேளையில் விநாடிக்கு 1 லிட்டர் ஓட வேண்டும். அந்நீர் முழுவதும் கடைசி வீடு வரை ஓடுவதாகக் கொண்டே கணக்கிடுவோம். அதுவே பாதுகாப்பான வழி.

உள்விட்டம் 32 மி.மீ. எனில், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 6 மீட்டர் இழப்பு; 600 மீட்டருக்கு 36 மீட்டர். இறக்கம் 30 மீட்டர்தான். கடைசி வீட்டுக் குழாயில் காற்றுச் சீறும்.

உள்விட்டம் 40 மி.மீ. எனில், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2 மீட்டர் இழப்பு. 600 மீட்டருக்கு 12 மீட்டர். 18 மீட்டர் மீதம். கடைசி வீட்டிலும் நீர் வேகமாகக் கொட்டும்.

சிறிய குழாய் விலை மலிவு. அதைப் போட்டாலும் முதல் பத்து வீடுகளில் நீர் நன்றாகவே வரும். திறப்பு விழாவுக்கு வருவோர் முதல் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்து மகிழ்ந்து செல்வர். குறை கடைசி வீட்டாருக்கு மட்டுமே தெரியும். ஆகவே, ஒரு நீர்த்திட்டம் நன்றாக அமைந்ததா என்று அறிய விரும்புவோர், காலை ஆறு மணிக்குக் கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். நம் முன்னோர் வயலுக்கு நீர் பாய்ச்சியபோதும் 'கடைமடைக்கு நீர் எட்டியதா?' என்றே வினவினர்.

மேட்டு வீடுகளுக்கும் முதல் வீடுகளுக்கும் செல்லும் கிளைக்குழாய்களில் வால்வு அமைத்து அளவோடு திறந்து வைத்தால், நீர் முன்னாலேயே தீர்ந்துவிடாமல் பின்னுள்ளோர்க்கும் பங்கு கிடைக்கும்.

அழுத்தமும் காற்றும் சேறும்

குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும் இரவு நேரத்தில் நீர் அசையாமல் நிற்கும். அப்போதுதான் குழாயில் அழுத்தம் மிகுதி. 10 மீட்டர் உயர நீர், சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். 90 மீட்டர் இறக்கமுள்ள இடத்தில் அது ஒன்பது கிலோகிராம் ஆகும். மெல்லிய குழாய் வெடித்துவிடும். அத்தகைய இடத்தில் வழியிலேயே ஒரு சிறு தொட்டி கட்டி, நீரைத் திறந்த காற்றில் விழச் செய்து, மீண்டும் குழாயில் விடுவர். அங்கே அழுத்தம் நீங்கி, புதிதாகத் தொடங்கும்.

குழாய் செல்லும் வழியில் மேடு இருந்தால் அதன் உச்சியில் காற்றுத் தங்கி நீரைத் தடுக்கும். அங்குக் காற்றுப் போக்கும் வால்வு வேண்டும். பள்ளத்தில் சேறு தங்கும். அங்குக் கழிவு வால்வு வேண்டும். குழாயை மண்ணில் ஆழப் புதைத்தால் வெயிலும் வாகனமும் விலங்கும் அதனைக் கெடுக்கா.

தெளிந்த நீர் தூய நீரன்று

மலைநீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கலாம். ஆயினும் அதில் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலும், மலக்கழிவு கலந்த நீரால் வரும் குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் உயிரையே பறிப்பவை. ஆகவே நீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் குடியிருப்போ, கால்நடைக் கொட்டகையோ, களைக்கொல்லி தெளிக்கும் தோட்டமோ இருத்தல் கூடாது. களைக்கொல்லி கலந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். நீர் எடுக்கும் இடத்தில் வலைச்சல்லடையும், அதனையடுத்து மணல் படியும் தொட்டியும் அமைக்க வேண்டும். இத்தனையும் செய்த பின்னரும், குடிக்கும் நீரை நன்கு கொதிக்க வைத்து ஆற்றியே பருக வேண்டும்.

ஊர் கூடிக் காத்தல்

ஆப்பிரிக்காவிலுள்ள மாலாவி நாட்டில் 1968-ஆம் ஆண்டு சிங்காலே என்னும் பகுதியில் இத்தகைய மலைநீர்த் திட்டம் ஒன்று தொடங்கியது. ஊர்மக்களே மண்வெட்டி பிடித்துக் குழாய்க்கான பள்ளம் தோண்டினர். பின்னர் அந்நாட்டின் வேறு பல பகுதிகளுக்கும் அம்முறை பரவிற்று. நம் நாட்டுக் கம்பங்களிலும் கோத்தோங் ரோயோங் முறையில் இப்பணி நடைபெறுவதுண்டு. தாமே தோண்டிப் புதைத்த குழாயில் கசிவு கண்டால் எவரும் பாராமுகமாகப் போகார்.

கட்டி முடித்ததோடு கடமை முடிவதில்லை. பெருமழைக்குப் பின் சல்லடையில் அடைத்த இலையை நீக்க வேண்டும். தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவ வேண்டும். உடைந்த குழாய்க்கு மாற்று வாங்கும்போது, அதே உள்விட்டமுள்ள குழாய்தானா என்று அளந்து பார்க்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யத் தவறியதால்தான் எங்கள் லயங்கள் மூன்றாண்டு பகைமை கொண்டன. இவற்றைக் கவனிக்க ஊரார் ஒரு குழு அமைத்தல் நலம். அக்குழுவில் கடைசி வீட்டாருள் ஒருவர் கட்டாயம் இடம்பெறுதல் வேண்டும். ஏனெனில் பழுது முதலில் அவருக்கே தெரியும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! கணக்குப் பாடம் தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணாதீர்கள். வகுக்கத் தெரிந்த ஒருவர் அன்று எங்கள் தோட்டத்தில் இருந்திருந்தால், ஒரு சிறுவன் வாளியுடன் காத்து நின்றிருக்க மாட்டான். இரு லயத்து மக்களும் பேச்சை நிறுத்தியிருக்க மாட்டார்கள். நாளை உங்களுள் ஒருவர் பொறியாளராகலாம். ஒருவர் குழாய் பொருத்தும் தொழிலாளியாகலாம். ஒருவர் ஊர்க்குழுவில் பொறுப்பேற்கலாம். எப்பொறுப்பில் இருந்தாலும் கணக்கைக் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோர்களே! காலையில் உங்கள் பிள்ளை நேரத்தோடு பள்ளிக்கு வருவதற்கும் வீட்டுக் குழாய்க்கும் தொடர்பு உண்டு. உங்கள் குடியிருப்பில் எவர் வீட்டிலேனும் நீர் சரியாக வரவில்லையெனில், அண்டை வீட்டாரைக் குறைகூறுமுன் குழாயை ஆராய்ந்து பாருங்கள்.

மாணவர் பயிற்சிக்கு

1. 15 லிட்டர் வாளி 6 விநாடியில் நிறைகின்றது. அவ்வோடையில் விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் ஓடுகின்றது?

2. ஓர் ஊரில் 240 மக்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர். மணிக்குச் சராசரியாக எத்தனை லிட்டர் நீர் வேண்டும்?

3. தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை நீளம் 500 மீட்டர். இறக்கம் 25 மீட்டர். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2 மீட்டர் இழப்பு எனில், கடைசிக் குழாயில் எத்தனை மீட்டர் மீதமிருக்கும்?

4. உங்கள் தாத்தாவும் பாட்டியும் சிறுவயதில் எங்கிருந்து நீர் கொணர்ந்தனர் என்று கேட்டறிந்து ஒரு பக்கம் எழுதி வருக.

(விடைகள்: 1. 2.5 லிட்டர். 2. 600 லிட்டர். 3. 15 மீட்டர். நான்காம் வினாவின் விடையை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.)